வானத்துப் படமும் நமது ரப்பர்க் காடும்

காலையில் மரம் வெட்டி, மங்கிலிருந்து பால் எடுத்து, வாளிகள் பால் கொட்டகை வந்து சேர்ந்த பின்னரே துணைக்கோள்கள் நமது தலைக்கு மேல் வருகின்றன. அமெரிக்காவின் ‘லேண்ட்சாட்’, ஐரோப்பாவின் ‘சென்டினல்-2’ ஆகிய இருவகைத் துணைக்கோள்களும் கிள்ளான் பள்ளத்தாக்கைக் கடப்பது முற்பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணிக்காகும். 700 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அவை செல்வதால் நம் கண்களுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும் அந்தச் சில விநாடிகளில் கிள்ளான் துறைமுகம் முதல் பகாங் எல்லை மலைத்தொடர் வரையுள்ள நிலம் முழுவதும் படமாகிவிடுகிறது. அந்தப் படத்தைக் கணினியில் இட்டுத் தெளிவாக்குவது எவ்வாறு, அதனால் ரப்பரை நம்பி வாழும் நமக்கு ஆவது என்ன என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

இதனை இப்பொழுது அறிந்துகொள்ள வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. காடழிப்புக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதில் இடம்பெற்ற ஏழு விளைபொருள்களுள் ரப்பரும் ஒன்று. 2020 டிசம்பர் 31ஆம் தேதிக்குப் பின்னர் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த ரப்பரையோ, அதனால் செய்த டயர், கையுறை போன்ற பொருள்களையோ ஐரோப்பியச் சந்தையில் விற்க இயலாது என்பது அதன் சாரம். சட்டம் நடைமுறைக்கு வரும் தேதி ஒரு தடவைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டிருப்பினும், ரப்பர் விளைந்த நிலம் எது என்பதை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுடன் காட்ட வேண்டும் என்ற விதி அதில் உள்ளது. அந்த நிலம் 2020இல் காடாக இருந்ததா, தோட்டமாக இருந்ததா என்பதைப் பார்க்கிறவர்கள் முதலில் நாடுவது துணைக்கோள் படத்தையே. ஆகவே, நாம் வெட்டும் மரம் வானத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்பது வெறும் விஞ்ஞான வேடிக்கை அன்று. நமது பிழைப்பைத் தொடும் விஷயமாகும்.

படம் என்பது எண்களே

துணைக்கோள் அனுப்புவது நாம் மணப்பந்தலில் எடுக்கும் புகைப்படம் போன்றதன்று. நிலத்தைச் சிறுசிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் திரும்பி வரும் சூரிய ஒளியின் அளவை ஓர் எண்ணாகவே அது குறிக்கிறது. இச்சதுரத்தைப் படப்புள்ளி என்கிறோம். 1972 ஜூலையில் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட்டின் ஒரு படப்புள்ளி சுமார் 80 மீட்டர் நீள அகலம் உடையது. அதாவது ஒன்றரை ஏக்கருக்கும் அதிகமான நிலம் ஒரே புள்ளிக்குள் அடங்கியது. 1982க்குப் பின் வந்த லேண்ட்சாட்களில் அது 30 மீட்டராயிற்று. 2015இல் ஏவப்பட்ட சென்டினல்-2இல் 10 மீட்டர். பத்து மீட்டர்ச் சதுரத்தில் நன்கு வளர்ந்த ரப்பர் மரங்கள் நான்கோ ஐந்தோ நிற்கும். ஒரு ஹெக்டர் நிலத்துக்கு இப்படி நூறு புள்ளிகள்.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் அல்ல, பல எண்கள் உண்டு. நீலம், பச்சை, சிவப்பு என ஒளியைப் பிரித்துத் தனித்தனியே அளக்கும் கருவி, நமது கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அளக்கிறது. பச்சை இலை சிவப்பொளியை உண்டுவிடும். அகச்சிவப்பையோ பெருமளவில் திருப்பி வீசிவிடும். இந்த ஒரே உண்மையின் மீதுதான் பயிர்களைப் பற்றிய துணைக்கோள் ஆராய்ச்சியின் பெரும்பகுதி நிற்கிறது எனலாம்.

மங்கிய படத்தை விரித்தல்

துணைக்கோளிலிருந்து வந்த எண்களை அப்படியே திரையில் காட்டினால் படம் மங்கலாக, சாம்பல் பூசியதுபோல் இருக்கும். காரணம் எளிது. திரையில் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என வைத்துக்கொண்டால், ஒரு வட்டாரத்தின் புள்ளிகள் பெரும்பாலும் 60க்கும் 110க்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும். மென்பொருள் செய்வது என்னவெனில், 60ஐ 0 ஆக்கி, 110ஐ 255 ஆக்கி, இடையிலுள்ளவற்றை அதே விகிதத்தில் பரப்பி விடுகிறது. 85 என்றிருந்த புள்ளி நடுவில் விழுந்து ஏறக்குறைய 128 ஆகும். புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. முன்பே இருந்த வேறுபாடு கண்ணுக்கு எட்டும்படி விரிக்கப்பட்டது, அவ்வளவே.

இதனை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினி எதையும் தெளிவாக்கிக் காட்டிவிடும் என்ற எண்ணம் திரைப்படங்களால் பலருக்கும் ஏற்பட்டிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் நிற்கும் ஒரு காரின் எண் பலகையை லேண்ட்சாட் படத்திலிருந்து எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியாது. அந்தச் சாலையே ஒரு படப்புள்ளியை நிரப்பாது. கூரையும் தாரும் மர நிழலும் கலந்த ஒரே எண்தான் அங்கே இருக்கிறது. லேண்ட்சாட் 8இல் 30 மீட்டர் வண்ணப் படத்தோடு 15 மீட்டர் கறுப்பு வெள்ளைப் படத்தை இணைத்துக் கூர்மையாக்கும் முறை உண்மையே. ஆனால் அக்கூர்மை இரண்டாவது படம் கொண்டுவந்தது. கணினி கற்பனை செய்ததன்று.

வண்ணத்தை மாற்றியமைப்பது அடுத்த படி. திரையின் சிவப்பு நிறத்துக்கு அகச்சிவப்பு எண்களைக் கொடுத்துவிட்டால், மரஞ்செடிகள் அனைத்தும் செக்கச்செவேலென்று தோன்றும். நகரம் நீலம் கலந்த சாம்பல் நிறமாகவும், தெளிந்த நீர் கறுப்பாகவும், கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் சேறு கலந்த நீர் வெளிர் நீலமாகவும் தெரியும். முதன்முறை பார்ப்பவர்கள் தோட்டம் தீப்பற்றி எரிகிறதோ என்று எண்ணக்கூடும்! பழகிவிட்டால் இதைவிட எளிதாகப் படிக்கத்தக்க படம் வேறில்லை.

இவ்வாறு வண்ணமிட்ட பழைய படங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கின் கதையே எழுதப்பட்டிருக்கிறது. லேண்ட்சாட்டின் பழைய படங்கள் 2008 முதல் யாவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. 1990இல் எடுத்த ஒரு படத்தையும் அண்மைப் படம் ஒன்றையும் அருகருகே வைத்தால், தெற்கே சிவப்பாயிருந்த ஒரு பெரிய பரப்பு சாம்பல் நிறமாகி, நடுவில் கறுப்பாக ஓர் ஏரி முளைத்திருப்பதைக் காணலாம். அதுதான் புத்ராஜெயா, அதற்கு முன் அது பிராங் பெசார் தோட்டம். PB என்ற எழுத்துகளை ‘பி.பி.’ என்று நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோமே, பி.பி. 260, பி.பி. 217 என்ற அந்த உயர்ரக மரங்களின் பெயரில் நிற்பது இந்தப் பிராங் பெசாரே. மத்திய அரசாங்கத்தின் நிர்வாக நகரை எழுப்பும் பணி அங்கே 1995இல் தொடங்கியது. அவ்வாறே சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டமாயிருந்த நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா நகர் எழும்பி, 2016 முதல் அங்கே எம்.ஆர்.டி. இரயிலும் நிற்கிறது. மரத்தின் பெயர் நாடெங்கும் நிற்க, அது பிறந்த இடத்தில் மரம் இல்லை. இருப்பினும், படம் காட்டுவது தோட்டம் இருந்ததையும் மறைந்ததையும் மட்டுமே. அங்கிருந்த லயங்களில் யார் வாழ்ந்தார், எங்கே கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்தன என்பவை 30 மீட்டர்ப் புள்ளிக்குள் அடங்குவதில்லை.

மேகமும் புகையும்

நமது நாட்டில் துணைக்கோளுக்குப் பெரும் பகை மேகமே. பதினொன்றரை மணி என்பது வெயில் ஏறி மேகம் திரளும் வேளையாதலால், வருகின்ற படங்களுள் பல பஞ்சுப் பொதிகளாகவே இருக்கும். இந்த இடையூற்றை எண்ணியே மலேசியா தனது ரசாக்சாட் துணைக்கோளை, துருவங்களைச் சுற்றும் வழக்கமான பாதையில் விடாமல், நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் 2009 ஜூலை 14ஆம் தேதி செலுத்தியது. ஒரே நாளில் பலமுறை நம் நாட்டைக் கடந்தால் ஏதாவது ஒரு வேளையில் மேகம் விலகியிருக்கும் அல்லவா? சிந்தனை சிறந்ததே, துணைக்கோள்தான் மறு ஆண்டே செயலிழந்தது.

மேகத்தை நீக்க மென்பொருளில் ஓர் எளிய உபாயம் உண்டு. ஓராண்டில் வந்த படங்களையெல்லாம் ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியின் எண்களையும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, நடுவிலுள்ளதை எடுத்துக்கொள்வதே அது. ஒரு புள்ளி ஏழு நாள்களில் 30, 32, 210, 31, 9, 33, 190 என்று இருந்ததாகக் கொள்வோம். மேகம் வெளுப்பானதால் 210, 190. மேகத்தின் நிழல் பட்ட நாளில் 9. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 32. மேகமும் நிழலும் இரு ஓரங்களுக்கும் ஒதுங்கிவிட, நிலம் தெரிகிறது.

புகைமூட்டம் வேறு விதமானது. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. புகைத்துகள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். அலைநீளம் கூடிய அகச்சிவப்பை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆகையால் நீலத்தை நீக்கி அகச்சிவப்பு வரிசைகளைக் கொண்டு படம் அமைத்தால் மெல்லிய புகைக்குக் கீழே நிலம் ஓரளவு தெரியும்.

மேகத்தையே ஊடுருவுவது ரேடார். 2014 முதல் இயங்கிவரும் சென்டினல்-1 வகைத் துணைக்கோள்கள் தாமே வானொலி அலைகளை அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்வதால், இரவென்றும் மழையென்றும் அவற்றுக்கு இல்லை. அமைதியான நீர்ப்பரப்பு அலையை விலக்கி அனுப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். ஆனால் 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்தது போன்ற வெள்ளத்தில் இம்முறையும் தடுமாறும். வீட்டுச் சுவர்களில் பட்ட அலை நேரே திரும்பி வருவதால், நீர் நிறைந்த தெருவும் வெளுப்பாகத் தோன்றி ஏமாற்றிவிடும்.

ரப்பரா, காடா?

இனி நாம் தொடங்கிய விஷயத்துக்கு வருவோம். அகச்சிவப்பு எண்ணிலிருந்து சிவப்பு எண்ணைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது பசுமைக் குறியீடு. உதாரணமாக, தழைத்த ரப்பர் மரத்துக்கு அகச்சிவப்பு 0.45, சிவப்பு 0.05 எனக் கொண்டால் குறியீடு 0.8. முதிர்ந்த காட்டுக்கும் ஏறத்தாழ அதுவே. இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. இருபத்தைந்து, முப்பது ஆண்டு வயதான ரப்பர்த் தோட்டம், அதிலும் நிரைகளுக்கிடையே புதர் மண்டிய சிறு தோட்டம், வானத்திலிருந்து பார்ப்பவருக்குக் காடாகவே காட்சி தரும்.

காட்டிக்கொடுப்பது இலையுதிர்வு. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் ரப்பர் மரம் இலை உதிர்த்து, சில வாரங்களில் மீண்டும் துளிர்ப்பதை நாம் அறிவோம். அப்பொழுது அகச்சிவப்பு 0.30 ஆகவும் சிவப்பு 0.10 ஆகவும் மாறினால் குறியீடு 0.5க்கு இறங்கிவிடும். காடும் செம்பனையும் இவ்வாறு இறங்குவதில்லை. டிசம்பர்ப் படத்தையும் பிப்ரவரிப் படத்தையும் ஒப்பிட்டால் ரப்பர் தனியே பிரிந்து நிற்கும். ஆனால் மேகத்தை நீக்க ஓராண்டுப் படங்களின் நடுவெண்ணை எடுத்தோமே, அம்முறையில் இந்தச் சில வார இறக்கமும் மேகத்தோடு சேர்ந்து ஓரத்துக்கு ஒதுங்கி மறைந்துவிடுகிறது! படம் அழகாகிறது, ரப்பர் காடாகிறது.

இப்படிச் செய்த வரைபடத்தில் 2020இல் ‘காடு’ என்று குறிக்கப்பட்ட பழைய தோட்டத்தை, அதன் உடையவர் 2022இல் வெட்டி மறுநடவு செய்தார் எனில், அவர் காடழித்தவராகத் தோன்றுவார். சட்டப்படி ரப்பர்த் தோட்டம் காடாகாது. அதனை வெட்டி மறுநடவு செய்வது குற்றமும் ஆகாது. வரைபடத்தின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டிய பாரம்தான் விற்பவர் தலையில் விழுகிறது. நிலப்பட்டா, மறுநடவு உதவி பெற்ற ஏடுகள், பால் விற்ற ரசீதுகள் ஆகியவற்றைச் சிறு தோட்டக்காரர்கள் பத்திரப்படுத்துவது இதனாலேயே அவசியமாகிறது. அந்த நிலத்தின் 2020 பிப்ரவரிப் படம் ஒன்றில் இலையுதிர்வு தெரியுமானால் அதுவும் வலுவான சான்றாகும்.

மென்பொருள் தானாக எதையும் அறிவதில்லை என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. ‘இது ரப்பர், இது செம்பனை, இது காடு’ என்று சில நூறு இடங்களை மனிதர் காட்டிக்கொடுத்த பின்னரே கணினி ஏனையவற்றை வகைப்படுத்துகிறது. எந்த வெட்டுக்காட்டில் எந்த இனம், எந்த ஆண்டு நடவு, எந்த மரம் முந்தி இலை உதிர்க்கும் என்பதைக் கிராணியின் ஏட்டைவிடத் துல்லியமாக அறிந்தவர் அம்மரங்களை வெட்டுகிறவரே. அண்மை ஆண்டுகளில் பெஸ்டலோசியாப்சிஸ் என்னும் பூஞ்சண நோய் பரவி, பருவமல்லாத காலத்திலும் இலை உதிர்க்கிறது. படத்தில் இரண்டும் ஒரே இறக்கமாகத்தான் தெரியும். பருவத்து உதிர்வா, நோய் உதிர்வா என்பதைக் கீழே கிடக்கும் இலையை எடுத்துப் பார்ப்பவரே சொல்ல வேண்டும்.

இக்கலையைப் பயில விரும்பும் நமது பிள்ளைகளுக்குப் பெரும் செலவில்லை. கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் இலவசமானது. லேண்ட்சாட், சென்டினல் படங்களும் இலவசமே. சாதாரண மடிக்கணினி போதும். முதல் பயிற்சியாகத் தங்கள் தோட்டத்தின் எல்லையை நடந்து குறித்துவரச் செய்யலாம். ஐரோப்பியச் சட்டப்படி 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். அதற்குட்பட்டதற்கு ஒரு புள்ளி போதும். அடர்ந்த இலைக்கூரையின் கீழ்க் கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். பல மீட்டர் பிசகும். ஆதலால் அந்த ஒரு புள்ளியை வேலி ஓரத்தில் நின்று எடுக்காமல், நிலத்தின் நடுவில், இலை உதிர்ந்து வானம் தெரியும் நாள்களில் எடுப்பது நலம்.