இயங்கும் வழங்கிநிரல்களின் காலச்செலவை அளத்தல்: தமிழ் மின்னூலகங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நூல்களைத் தேடவும் படிக்கவும் சொல்லடைவு எடுக்கவும் இன்று இணைய வழங்கிகளில் இயங்கும் நிரல்களே துணையாக உள்ளன. அவை மெதுவாக இயங்கும்போதோ இடையில் நின்றுவிடும்போதோ ஆய்வுத் தரவும் குறைபடுகிறது. நிரலின் காலச்செலவைக் குறைந்த மேற்செலவில் அளக்கும் மாதிரியெடுப்பு முறையை இக்கட்டுரை விளக்குகிறது. விக்கிமீடியா வழங்கிகளில் அம்முறை கையாளப்படும் விதத்தையும், தமிழெழுத்தின் பைட்டுக் கணக்கு தமிழ்ப் பக்கங்களுக்கு உண்டாக்கும் நெருக்கடியையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வழங்கிநிரல், மாதிரியெடுப்பு, மேற்செலவு, ஒருங்குறி, தமிழ் விக்கிமூலம்.

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டியிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் தம் கைப்பேசியில் ஒரு சங்கச் சொல்லைத் தேடுவதாகக் கொள்வோம். விடை வரத் தாமதமாகிறது. சில வேளைகளில் பட்டியல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. தாமதம் பொறுமையை மட்டுமே சோதிக்கும். பாதியில் நின்ற பட்டியலோ ஆய்வையே பிழையாக்கும். நாற்பது இடங்களில் வரும் சொல் இருபத்தைந்து இடங்களில் மட்டுமே வருவதாக எழுதப்பட்டுவிடலாம்.

இது கற்பனையான அச்சமன்று. இணைய நிரலாக்கத்தில் பெரிதும் வழங்கும் பிஎச்பி மொழியில் ஒரு நிரல் இயங்குவதற்கான இயல்பான கால வரம்பு 30 வினாடி. வரம்பு கடந்ததும் நிரல் நிறுத்தப்படும். பிழைச்செய்தியைப் பொதுப்பார்வைக்குக் காட்டாமல் வைப்பதே வழங்கிகளின் வழக்கம். ஆதலால், அதுவரை அனுப்பப்பட்ட பகுதியைப் படிப்பவர் அதனை முழுமையான விடையாகவே கருத வாய்ப்புண்டு. எனவே நிரலின் காலம் எங்கே செலவாகிறது என்னும் வினா கணினித் துறையினருக்கு மட்டும் உரியதன்று, தமிழாய்வுக்கும் உரியது.

காலம் கழியும் இடங்கள்

பயனர் உணரும் தாமதத்தில் மூன்று கூறுகள் உண்டு. முதலாவது, செய்தி வலையமைப்பில் பயணம் செய்யும் காலம். இரண்டாவது, நிரல் தானே கணக்கிடும் காலம். மூன்றாவது, தரவுத்தளத்தின் விடைக்காக நிரல் காத்திருக்கும் காலம். பின்னிரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது. லினக்ஸ் வழங்கியில் மேற்சொன்ன 30 வினாடி வரம்பு நிரல் கணக்கிடும் காலத்தையே எண்ணுகிறது. தரவுத்தளத்துக்காகக் காத்திருப்பதை எண்ணுவதில்லை. ஆகவே, கடிகாரத்தில் ஒரு நிமிடம் கடந்தும் நிரல் நிறுத்தப்படாமல் இருக்கலாம். செயலிக் காலம், கடிகாரக் காலம் ஆகிய இரண்டையும் தனித்தனியே அளவாத ஆய்வு தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

முழுப்பதிவு முறையும் அதன் குறையும்

நிரலின் ஒவ்வொரு செயற்கூறும் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் குறித்துக்கொள்வது முழுப்பதிவு முறை. டெரிக் ரெத்தன்ஸ் உருவாக்கிய எக்ஸ்டீபக், ஃபேஸ்புக் நிறுவனம் 2009இல் வெளியிட்ட எக்ஸ்எச்பிராஃப் ஆகியன இவ்வகைப் பதிவைத் தரும் கருவிகள். எந்தச் செயற்கூறு எத்தனை முறை அழைக்கப்பட்டது என்பதை இம்முறை துல்லியமாகச் சொல்லும். ஆனால் அளத்தலும் ஒரு வேலையே. அதற்கும் காலம் செலவாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஆகியவற்றின் 2381 பாடல்களையும் ஒரு தேடல் நிரல் தனித்தனி வினவலாகத் தரவுத்தளத்திலிருந்து பெறுகிறது எனவும், ஒரு வினவலுக்கு ஒரு மில்லிவினாடி ஆகிறது எனவும் கொண்டால், மொத்தம் 2.38 வினாடி ஆகும். சொற்களை எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு 20 இலட்சம் முறை அழைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு மைக்ரோவினாடி எடுத்தால் 2 வினாடி ஆகும். இங்கே பெருஞ்செலவு தரவுத்தளத்தினுடையது. இப்போது ஒவ்வோர் அழைப்பையும் பதிய மேலும் ஒரு மைக்ரோவினாடி ஆகுமானால், எழுத்துப் பிரிப்பின் காலம் 4 வினாடியாக உயரும். தரவுத்தளத்தின் காலம் ஏறத்தாழ மாறாது. அளவுகோலே வரிசையை மாற்றிவிடுகிறது. இவ்வறிக்கையை நம்பும் நிரலர் எழுத்துப் பிரிப்பைச் செப்பம் செய்வதில் உழைப்பார். 2381 வினவல்களை ஒன்றாகத் திரட்டும் எளிய தீர்வு அவர் கண்ணில் படாது.

மாதிரியெடுப்பு முறை

செம்பட்டி ஒரு சாலைச் சந்திப்பு. திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் எனப் பல திசை வண்டிகள் அங்கே கூடுகின்றன. ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி விசாரித்தால் கணக்குத் துல்லியமாக இருக்கும்; ஆனால் நெரிசலை விசாரணையே உண்டாக்கும். குறித்த இடைவெளிகளில் சந்திப்பை நோக்கி, அப்போது நிற்பவற்றை மட்டும் குறித்துக்கொண்டால் போக்குவரத்துத் தடைபடாது. மாதிரியெடுப்பு முறையின் அடிப்படை இதுவே. குறித்த இடைவெளியில் நிரல் எந்தச் செயற்கூறில் உள்ளது, அதனை அழைத்தது எது, அவ்வழைப்புக்கு மூலம் எது என்னும் அழைப்புத் தொடர் மட்டும் பதியப்படும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் 10 மில்லிவினாடிக்கு ஒரு மாதிரி என்றால், 4.38 வினாடியில் 438 மாதிரிகள் கிடைக்கும். ஒரு மாதிரிக்கு 20 மைக்ரோவினாடி செலவானாலும் மேற்செலவு மொத்தக் காலத்தில் 0.2 விழுக்காடே. செயற்கூறு எத்தனை முறை அழைக்கப்பட்டாலும் இச்செலவு கூடாது.

துல்லியம் மாதிரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு செயற்கூறு 20 விழுக்காட்டு மாதிரிகளில் காணப்படுகிறது எனில், 95 விழுக்காட்டு நம்பகத்தில் அதன் பிழை எல்லை 100 மாதிரிகளுக்கு ஏறத்தாழ ±8 விழுக்காட்டுப் புள்ளி. 10,000 மாதிரிகளுக்கு ±0.8. மாதிரி நேரம் நிரலின் சுழற்சியோடு ஒத்திசைந்துவிடாமலும் காக்க வேண்டும். மணிக்கொரு முறை சரியாகப் பார்ப்பவர் அந்நேரத்துப் பேருந்தை மட்டுமே காண்பார். நிரலுக்கு வெளியே நின்று அதன் நினைவகத்தைப் படிக்கும் பிஎச்பிஸ்பை என்னும் கருவி வினாடிக்கு 100 முறை என்றில்லாமல் 99 முறை என்னும் இயல்பளவைக் கொண்டிருப்பது இத்தகைய ஒத்திசைவைத் தவிர்க்க உதவும்.

விக்கிமீடியாவின் நடைமுறை

தமிழ் விக்கிப்பீடியாவும் தமிழ் விக்கிமூலமும் பிஎச்பியில் எழுதப்பட்ட மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகின்றன. விக்கிமீடியா வழங்கிகள் 2014இல் எச்எச்விஎம் இயக்கிக்கும், 2019இல் பிஎச்பி 7க்கும் மாறின. இரண்டாம் மாற்றத்தையொட்டி டிம் ஸ்டார்லிங் எக்சைமர் என்னும் மாதிரியெடுப்புக் கருவியை உருவாக்கினார். இதில் கடிகாரம் தனி இழையில் ஓடும். நேரம் வந்ததும் ஒரு குறிப்பை மட்டும் விடும். நிரல் தனக்குப் பாதுகாப்பான இடத்தை அடையும்போது அக்குறிப்பைக் கண்டு அழைப்புத் தொடரைப் பதியும். செயலிக் காலம், கடிகாரக் காலம் இரண்டில் எதனையும் அடிப்படையாகக் கொள்ளலாம்.

இங்கு மாதிரி இடைவெளி 60 வினாடி. பெரும்பாலான வேண்டுகோள்கள் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுவன என்பதால் இது பொருளற்றதாகத் தோன்றக்கூடும். ஆயினும் முதல் மாதிரியின் நேரம் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தற்போக்காக அமைகிறது. ஆகவே 0.6 வினாடி ஓடும் வேண்டுகோளில் நூற்றுக்கு ஒன்று மாதிரி தரும். தனி வேண்டுகோளின் சுமை மிகச் சிறிது. வழங்கிகள் அனைத்தின் மாதிரிகளும் திரளும்போது படம் தெளிவாகிறது. அத்திரள், பிரெண்டன் கிரெக் 2011இல் அமைத்த சுடர்வரைபடமாக வெளியிடப்படுகிறது. அதில் ஒரு பட்டையின் அகலம் அச்செயற்கூறு காணப்பட்ட மாதிரிகளின் பங்கைக் காட்டும். இடமிருந்து வலமாக உள்ள வரிசை கால வரிசையன்று.

தமிழெழுத்தும் பைட்டுக் கணக்கும்

யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு கொள்கிறது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று, ஒருங்குறிக் குறிகள் ஐந்து, பைட்டு பதினைந்து. எழுத்தெண்ணிக்கையை நாடும் யாப்பாய்வு நிரல் பைட்டை எண்ணினால் முடிவு பிழைபடும். எழுத்தாகப் பிரித்து எண்ணினால் காலம் கூடும். இவ்விரண்டுக்கும் இடையிலான தெரிவை அளவீட்டின் துணையோடு செய்வதே முறை.

மீடியாவிக்கியில் ஒரு பக்கத்துக்குள் விரித்துச் சேர்க்கப்படும் உள்ளடக்கத்துக்கு 20,97,152 பைட்டு என்னும் வரம்பு உண்டு. ஆங்கில எழுத்தில் இது ஏறத்தாழ 21 இலட்சம் குறி. தமிழில் 6,99,050 குறி மட்டுமே. வார்ப்புருக்குள் வார்ப்புரு வருமாயின் உட்பகுதி ஒவ்வொரு மட்டத்திலும் மீண்டும் எண்ணப்படுவதால் இது மேலும் சுருங்கும். வரம்பு கடந்தபின் எஞ்சியவை விரியாமல் வெறும் இணைப்புகளாக நிற்கும். மெய்ப்புப் பார்த்த பக்கங்களைத் திரட்டி முழுநூலாகக் காட்டும் விக்கிமூலத்தில் இதன் விளைவு நேரடியானது: ஒரே அளவுள்ள நூல் ஆங்கிலத்தில் முழுமையாகவும் தமிழில் குறைபட்டும் தோன்றக்கூடும். இங்கே நிரலின் வேகத்தில் குறையில்லை. எழுத்தின் தன்மையை நோக்காமல் வகுக்கப்பட்ட அளவுகோலிலேயே குறை உள்ளது.

இதனை ஆய்வாளரே கண்டறியலாம். பக்கத்தைத் தொகுத்து முன்தோற்றம் பார்க்கும்போது அடியில் வரும் அறிக்கை செயலிக் காலம், கடிகாரக் காலம், விரிவின் பைட்டு அளவு, 10 வினாடி வரம்புடைய லுவா நிரலின் காலம் ஆகியவற்றைத் தருகிறது. விரிவின் அளவு வரம்பை நெருங்கினால் நூலை இயல்களாகப் பிரித்து இடுவது தக்கது. லுவா காலம் மிகுந்தால் நிரலைத் திருத்துவது தக்கது.

முடிவுரை

வழங்கிநிரலின் காலச்செலவை அது இயங்கும் சூழலிலேயே, அதன் போக்கைக் குலைக்காமல் அளக்க மாதிரியெடுப்பு முறை வழிவகுக்கிறது. அழைப்புகளின் துல்லியமான எண்ணிக்கையை அது தருவதில்லை. அதற்கு முழுப்பதிவே வேண்டும். எனவே முதலில் மாதிரியெடுப்பால் இடமறிந்து, பின் அவ்விடத்தை மட்டும் சோதனைச் சூழலில் முழுப்பதிவால் நுணுகி நோக்குவது பொருத்தமாகும். தமிழ் மின்னூலகங்களை அமைப்போர் இவ்வளவீட்டுடன், தேடல் விடை முழுமையானதா என்பதை அறிவிக்கும் குறிப்பையும் ஒவ்வொரு பட்டியலின் இறுதியிலும் சேர்த்தல் வேண்டும். அக்குறிப்பு இருந்தால் மட்டுமே, செம்பட்டியில் இருந்து தேடும் மாணவர் தம் கையிலுள்ள எண்ணிக்கையை ஐயமின்றி ஆய்வேட்டில் எழுத இயலும்.