முன்பணம் யாருக்குச் சொந்தம்?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரங்கள் புலனக் குழுக்களில் வலம் வரத் தொடங்கிவிடும். விமானச் சீட்டு, தங்கும் விடுதி, உணவு, வழிகாட்டி என எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுவதால் பல குடும்பங்கள் இத்தகைய தொகுப்புச் சுற்றுலாவை விரும்புகின்றன. இடத்தை உறுதிசெய்ய முன்பணம் கட்ட வேண்டும். அதற்குத் தரப்படும் ரசீதின் அடியில், பூதக்கண்ணாடி கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், 'செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று அச்சிட்டிருக்கும். பயணம் இரத்தாகும்போது பலர் அந்த வரியைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டாகிவிட்டதே என்று பணத்தை மறந்துவிடுகின்றனர். ஆனால், மலேசியச் சட்டம் அந்த ஒரு வரியோடு நின்றுவிடுவதில்லை.

பயணத்தை இரத்து செய்தது யார் என்பதே முதல் கேள்வி. போதிய ஆள் சேரவில்லை என்று நிறுவனமே பயணத்தைக் கைவிட்டால், வழங்காத சேவைக்குப் பணத்தை வைத்துக்கொள்ள அதற்கு நியாயமில்லை. முன்பணம் உட்பட முழுத் தொகையையும் கேட்கலாம். சில வேளைகளில் இரு தரப்பின் மீதும் தவறு இருக்காது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது மலேசியர்கள் வெளிநாடு செல்லத் தடை விதிக்கப்பட்டது. நிறைவேற்ற இயலாமற்போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அத்தகைய நிலையில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் வழிவிடுகிறது. நிறுவனம் ஏற்கெனவே செய்த செலவுக்காக நியாயமான தொகையைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

பயணியே பின்வாங்கும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. இதை ஒரு கற்பனை நிகழ்வின்வழி பார்க்கலாம்.

பினாங்கில் ஒரு குடும்பம். தாயார் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். தந்தை லாரி ஓட்டுநர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சுமத்திராவின் தோபா ஏரிக்குச் செல்லத் திட்டமிட்டனர். நால்வருக்குக் கட்டணம் 6,000 ரிங்கிட். முதலில் 1,200 ரிங்கிட் முன்பணம் கட்டினர். பிறகு மீதி 4,800 ரிங்கிட்டையும் செலுத்திவிட்டனர். பயணத்திற்கு 40 நாள் இருக்கையில் பாட்டி பக்கவாதத்தால் படுத்துவிட்டார். பயணம் வேண்டாம் என்று தெரிவித்தபோது நிறுவன ஊழியர், "படிவத்திலேயே இருக்கிறதே, அம்மா. பணம் திரும்பாது. வேண்டுமானால் ஆறு மாதத்திற்குள் வேறு பயணம் செல்லப் பற்றுச்சீட்டு தருகிறோம்," என்றார்.

"படுக்கையில் இருக்கும் மாமியாரை விட்டுவிட்டு ஆறு மாதத்தில் நாங்கள் எங்கே போவது, தம்பி?" என்று கேட்டார் தாயார்.

அன்றிரவு படிவம் நான்கில் பயிலும் மகள் இரண்டு ரசீதுகளையும் மேசைமீது பரப்பினாள். "அம்மா, இதில் 'டெபாசிட்' என்று இருக்கிறது. அதில் 'மீதிக் கட்டணம்' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா?"

அவள் கேட்டது சரியான கேள்வி. முன்பணம் என்பது, சொன்ன சொல்லைக் காப்பேன் என்பதற்கான பிணை. சொல் தவறினால் அதை இழக்க நேரலாம். மீதிக் கட்டணமோ வாங்கவிருக்கும் சேவையின் விலை. சேவையே கிடைக்காதபோது, நிறுவனத்தின் இழப்பு போக எஞ்சியதைத் திரும்பக் கேட்கலாம். முன்பணத்திற்கும் ஓர் எல்லை உண்டு. ஒப்பந்தத்தை முறித்தவரிடமிருந்து நியாயமான இழப்பீட்டையே பெறலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. முன்பணத்தைப் பறிமுதல் செய்வதற்கும் இப்பிரிவு பொருந்தும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. ஆனால், தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை முறித்தவரையே சாரும். ஆகவே, அழுது புலம்புவதைவிடக் கணக்குக் கேட்பதே பயன் தரும்.

தாயார் நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினார். விமானச் சீட்டு வாங்கியாயிற்றா? விடுதிக்கு எவ்வளவு கட்டப்பட்டது? காலியான நான்கு இடங்கள் வேறு யாருக்காவது விற்கப்பட்டனவா? ஒரு வாரத்தில் பதில் வந்தது. விமானச் சீட்டுகளுக்கு 1,400 ரிங்கிட் செலவாகிவிட்டது. விடுதிக்கு இன்னும் எதுவும் கட்டவில்லை. சீட்டுச் செலவையும் முன்பணத்தையும் கழித்துக்கொண்டு 3,400 ரிங்கிட்டைத் தருவதாக நிறுவனம் கூறியது. மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

எதுவும் கிடைக்காது என்ற நிலையிலிருந்து இது பெரிய முன்னேற்றம்தான். ஆயினும், இழப்பை ஈடுகட்டத்தானே முன்பணம். இழப்பையும் கழித்து முன்பணத்தையும் எடுத்துக்கொண்டால் ஒரே கடனை இருமுறை வசூலிப்பதாகாதா? தாயார் இவ்வாறு வாதிட்டார். இலாபம் போயிற்று, ஊழியர்களின் உழைப்பும் வீணாயிற்று என்றது நிறுவனம். அதுவும் தள்ளிவிடத்தக்க வாதமன்று.

பேச்சு முறிந்ததும் தாயார் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடினார். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த இம்மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. சிக்கல் எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்களுக்கு இங்கே இடமில்லை. பயனீட்டாளரும் நிறுவனத்தின் பேராளரும் நேருக்கு நேர் பேச வேண்டும். இதனால், சட்டம் படிக்காதவர்களும் தயங்காமல் வாதாடலாம். அதே வேளையில், ரசீது, படிவம், கடிதம், புலனச் செய்தி ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டு வராதவர் திணறிப்போவார். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி, நியாயமற்ற ஒப்பந்த விதிகளைச் செல்லாதவை என அறிவிக்கும் அதிகாரமும் மன்றத்திற்குக் கிடைத்தது. விதி பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்ததா, அதைப் பேசி மாற்றும் வாய்ப்பு பயனீட்டாளருக்கு இருந்ததா என்பவையும் கருத்தில் கொள்ளப்படும்.

விசாரணை நாளில் மன்றத் தலைவர் கேட்டதும் அந்த மூன்றாவது கேள்வியைத்தான். நான்கு இடங்களும் வேறொரு குடும்பத்திற்கு விற்கப்பட்டுவிட்டதை நிறுவனப் பேராளர் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு பேச்சு நீளவில்லை. விமானச் சீட்டுச் செலவு 1,400 ரிங்கிட்டையும் நிருவாகச் செலவு 200 ரிங்கிட்டையும் கழித்து, 4,400 ரிங்கிட்டைத் திருப்பித் தர நிறுவனம் இணங்கியது. பயணம் செய்யாத சீட்டுகளுக்கான விமான நிலையப் பயணியர் சேவைக் கட்டணத்தை விமான நிறுவனத்திடமிருந்து பெற்றுத் தரவும் அது ஒப்புக்கொண்டது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டதை மன்றம் ஆணையாகப் பதிவு செய்தது. அதை 14 நாள்களுக்குள் நிறைவேற்றத் தவறுவது குற்றமாகும்.