மயிலின் நீலமும் சுறாவின் நீலமும்

கேள்வி: ஆழ்கடலில் நீலமாக ஒளிரும் சுறா உண்டாமே! மயிலின் நீலம் போலத்தானா அதுவும்?

பதில்: இல்லை. மயில் இறகில் நீலச் சாயமே கிடையாது. இருப்பது மெலனின் என்ற கரும்பழுப்பு நிறமி. அதன் நுண்துகள்கள் அடுக்கப்பட்ட விதத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால்தான் அந்த நீலமும் பச்சையும். இருட்டில் மயிலும் காக்கையும் ஒன்று!

கைட்ஃபின் சுறாவோ வெளிச்சத்தைத் தானே தயாரிக்கிறது. 2020-இல் நியூசிலாந்துக் கடலில் பிடிபட்டவற்றை ஆராய்ந்து, மறு ஆண்டு அறிவித்தார்கள். சுமார் 1.8 மீட்டர் வளரும். ஒளிரும் முதுகெலும்பிகளில், தெரிந்தவரை, இதுவே பெரியது. விளக்கை ஏற்றுவது மெலடோனின்; ஆம், நம்மைத் தூங்கவைக்கும் அதே ஹார்மோன்தான். வயிறு ஒளிர்வதால், கீழிருந்து பார்க்கும் பிராணிக்குச் சுறாவின் நிழல் தெரியாது என்பது ஆய்வாளர்கள் கருத்து. மயில் தோகை விரிப்பது பெட்டையின் கண்ணில் பட. சுறா ஒளிர்வது யார் கண்ணிலும் படாதிருக்க.

அழகுப் போட்டி என்றால் என் ஓட்டு மயிலுக்கே. சுறா விண்ணப்பமே போடவில்லையே!