ஐந்தாம் சீலமும் ஆய்வு மாணவரும்

(படிப்பு வட்டப் பாடம்: நெருள்)



பஞ்ச சீலத்தில் ஐந்தாவது மயக்கப் பொருள்களை விலக்குதலாகும். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள்ளும் மது அருந்தாமை இடம்பெற்றுள்ளது. இவற்றை நாம் அனைவரும் ஏற்றுக்கொண்டவர்களே. ஆயினும், ஏற்றுக்கொண்ட ஒருவர் வழுவிவிடின் அவரை நாம் எவ்வாறு நடத்துதல் வேண்டும்? இம்மாதப் பாடம் இவ்வினாவைப் பற்றியது.

பாலி மொழியில் சீலம் ஒவ்வொன்றும் 'சிக்காபதம்' எனப்படும். பயிற்சிப் படி என்பது பொருள். கட்டளையை மீறினவன் குற்றவாளியாவான். பயிற்சியில் தவறினவனோ மீண்டும் பயில வேண்டியவனாவான். இவ்வேறுபாட்டை நான் நெடுங்காலம் உணர்ந்தேனில்லை.

நான் ஆலையில் வேலை பார்த்த காலத்தில், இரவு ஷிப்டில் உடன் உழைத்த அண்ணன் ஒருவர் சீலம் ஏற்று எட்டு மாதம் குடியைத் தொடாதிருந்தார். ஒரு சம்பள நாளன்று குடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு தாராவிக் கூட்டத்திற்கு அவர் வந்தபோது எல்லோர் முன்னிலையிலும் கடிந்து பேசினேன். தம்மத்தைக் காப்பதாகவே எண்ணினேன். அதன்பின் அவர் வரவில்லை; குடியையும் விடவில்லை.

நெருளில் குடியேறிய பின், உளவியல் மேற்படிப்புப் பயிலும் இளைஞர் ஒருவர் போதைப் பழக்கம் பற்றிய ஆய்வுகளை எனக்குத் தமிழில் எடுத்துரைத்தார். அப்பொழுதே என் பிழை விளங்கிற்று.

அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் என்னும் பேராசிரியர் இருந்தார்; 2011இல் மறைந்தார். அவரும் துணைவர் இருவரும் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குடிநோயுற்றோர் 32 பேருக்கும், அளவாய்க் குடிப்போர் 32 பேருக்கும், சுவை பார்க்கும் சோதனை என்று கூறிப் பானம் கொடுத்தனர். சிலருக்கு மதுவென்று சொல்லி வெறும் பானமும், சிலருக்கு வெறும் பானமென்று சொல்லி மதுவும் அளித்தனர். மதுவென்று நம்பினவரே மிகுதியாய்க் குடித்தனர். கையை இழுத்தது குவளையிலிருந்த பொருளன்று, மனத்திலிருந்த எண்ணமே.

மார்லட் மற்றொன்றும் கண்டார். குடியை விட்டவர் ஒருமுறை வழுவியவுடன், 'நான் கெட்டேன், இனி என்ன இருக்கிறது' என்று நாணுகிறார். அந்நாணத்தை மறக்கவே மேலும் குடிக்கிறார். முதற் குவளையினும் அதன்பின் எழும் இவ்வெண்ணமே பெருவீழ்ச்சிக்கு வழியாகிறது. அன்று நான் அவ்வண்ணனுக்குக் கொடுத்தது இந்நாணத்தையன்றி வேறென்ன?

இதற்கு மாற்று யாது? தியானம் பயின்றவராகிய மார்லட், வேட்கையை அலைக்கு ஒப்பிட்டார். அஃது எழும், உயரும், தாழும். கட்டுமரம் செலுத்துவோர் அலையை அடித்து நொறுக்க முயல்வதில்லை. ஏறி இறங்கிக் கடக்கின்றனர். அவ்வாறே வேட்கையை உடலில் தோன்றும் உணர்ச்சியாக நோக்கியிருப்பின் அது தானே தணியும். அநித்தியம் என்று நாம் படிப்பது இதுவே.

இப்பயிற்சி நமக்கு அயலானதன்று. பர்மாவில் ஊ பா கின் என்பாரிடம் பயின்ற கோயங்கா, 1969இல் பம்பாயில் பத்து நாள் விபசனா வகுப்பு நடத்தினார். 1976இல் இகத்புரியில் நிலையம் எழுந்தது. 1997இல் சியாட்டிலை அடுத்த சிறையொன்றிலும் அவ்வகுப்பு நடைபெற்றது. மார்லட்டின் மாணவி சாரா போவன் முதலானோர் அச்சிறையில் பயின்றோரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். விடுதலையாகி மூன்று திங்களுக்குப் பின், பயின்றவர் மற்றவரினும் குறைவாகவே மதுவும் கஞ்சாவும் கொக்கேயினும் கொண்டிருந்தனர்.

ஆயினும் அவர்கள் தாமே விரும்பிச் சேர்ந்தவர்கள். விருப்பமுடையார் எவ்வழியிலும் திருந்தக்கூடுமன்றோ? ஆகலின், சிகிச்சை பெற்ற 286 பேரைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையில் மூன்று குழுவாக்கி மீண்டும் சோதித்து, 2014இல் வெளியிட்டனர். ஓராண்டு முடிவில், விழிப்புணர்வுப் பயிற்சி பெற்றோர் ஏனையோரினும் குறைந்த நாள்களே போதைப் பொருள் கொண்டிருந்தனர். தம் முடிவையே ஐயுற்று மீண்டும் சோதித்த மாணவரின் நேர்மையை நாமும் கற்போமாக.

ஓர் எச்சரிக்கை: நாள்தோறும் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் உண்டாகி உயிருக்கே தீங்கு நேரலாம். அவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தியானம் பின்னர் ஆகட்டும்.

அன்பர்களே! வழுவியவர் மறு வாரம் வருவாராயின், முன்போல் பாயில் இடம் கொடுங்கள். அவருடன் சேர்ந்து சீலத்தை மீண்டும் சொல்லுங்கள். வாராதிருப்பின் அவர் இல்லத்திற்குச் செல்லுங்கள். நான் செல்லவில்லை.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. கட்டளைக்கும் சிக்காபதத்திற்கும் வேறுபாடு யாது?
2. 1973ஆம் ஆண்டு ஆய்வில் மிகுதியாய்க் குடித்தோர் யாவர்? ஏன்?
3. நம் கூட்டத்திற்கு வருதலை நிறுத்தியவர் எவர்? அவரைக் காணச் செல்வோர் யார்?