லினக்ஸில் பிரிண்ட் வரவில்லையா?

சித்தையன்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நெட்வொர்க் பிரிண்டர் படுத்துவிட்டால், திண்டுக்கல்லில் இருந்து ஆள் வரும்வரை கடையைச் சாத்த முடியாது. கடைக் கணினியில் இருப்பது உபுண்டுவோ, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ, உள்ளே அச்சு வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' என்ற ஒரே மென்பொருள்தான்.

கரண்ட் போய் வந்த பிறகுதான் சிக்கல் என்றால், முதல் சந்தேகம் ஐ.பி. முகவரி. ரவுட்டர் பிரிண்டருக்குப் புது எண் கொடுத்திருக்கும். கணினி பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் மெனுவில் புது எண்ணைப் பார்த்து, கணினியில் இருந்து 'பிங்' செய்து பதில் வருகிறதா என்று பாருங்கள். ரவுட்டரில் பிரிண்டருக்கென ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி, கணினியிலும் அதையே கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது.

எண் சரிதான், தாள் மட்டும் வரவில்லையா? பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்:631' பக்கத்தைத் திறங்கள். பிழை ஏதாவது வந்து கப்ஸ் வரிசையை நிறுத்திவைத்திருக்கலாம். அப்படி நின்றுவிட்டால், பிரிண்டரைச் சரிசெய்தாலும் தானாக ஓடாது. அங்கே 'பாஸ்டு' (நிறுத்தப்பட்டது) என்றிருந்தால், சிக்கிய வேலையை ரத்து செய்துவிட்டு 'ரெஸ்யூம் பிரிண்டர்' அழுத்துங்கள். பொறுமையில்லாமல் பத்து முறை பிரிண்ட் கொடுத்திருந்தால் அவற்றையும் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் பத்தும் வரிசையாக வந்து விழும்!

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறதா? அது பிரிண்டரின் குற்றமல்ல, எழுத்துருவின் கோளாறு. வாடிக்கையாளரிடம், கோப்பை அடித்த கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.