பெட்டிக்குள் அடைபட்ட காற்று

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. பாஸ்டனுக்கு வெளியே நீங்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்ட்டில், முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போன ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் ஜோடி. ஒன்றில் பாஸ் ஒலிக்கும் வூஃபரைச் சுற்றியிருந்த ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. இன்னொன்றில் வயலினும் ஜால்ராவும் கேட்கவே இல்லை, எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. இவற்றை அப்கிரேட் செய்யலாமா என்று கேட்டு, உங்கள் நண்பர் சொன்ன யோசனைகளையும் எழுதியிருக்கிறீர்கள்: மேல் ஒலிக்குப் புதிய ரக ட்வீட்டர் போடுவது, கெப்பாசிட்டர்களை விலை உயர்ந்தவையாக மாற்றுவது, பாஸ் கூடுதலாக வரப் பெட்டியில் ஒரு துளை போட்டுக் குழாய் செருகுவது.

முதலில் துளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதைத் தவறாகச் செய்தாலும் பிறகு சரிசெய்யலாம். துளை போட்டால் அந்தப் பெட்டி அதோடு முடிந்தது. தயவுசெய்து போடாதீர்கள்.

காரணம் அந்த ஸ்பீக்கரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1950களின் தொடக்கம் வரை வீட்டில் நல்ல பாஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மறுஉருவாக்கம் பற்றி மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த எட்கர் வில்ச்சர் இதை வேறு பக்கத்திலிருந்து யோசித்தார். வூஃபரின் கோன் முன்னும் பின்னும் போய்வரும்போது அதை நடுவுக்கு இழுத்துக்கொண்டுவர ஒரு ஸ்பிரிங் தேவை. அந்த வேலையை அதுவரை கோனைச் சுற்றியிருக்கும் விளிம்பும் உள்ளே கோனைத் தாங்கும் ஸ்பைடர் என்ற மடிப்பு வளையமும்தான் செய்தன. கோன் கொஞ்சம் அதிகமாக நகர்ந்தாலே அவற்றின் இழுவிசை ஒழுங்கு தவறிவிடும். பாஸில் வரும் கரகரப்பின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. ஆனால் சிறிய பெட்டிக்குள் காற்றுப் புகாமல் அடைத்துவைத்த காற்று மிக ஒழுங்கான ஸ்பிரிங். ஆகவே விளிம்பைத் தளர்வாக விட்டுவிட்டு, இழுக்கும் வேலையைக் காற்றிடமே கொடுத்துவிடலாம் என்றார் அவர். பெட்டி சிறியதாக இருப்பது குறையாக இல்லாமல் தேவையாகிவிட்டது.

இருந்த நிறுவனங்கள் இதை வாங்கிக்கொள்ளவில்லை. வகுப்பில் மாணவராக இருந்த ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து 1954-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள்தான் உங்கள் பெட்டியில் இருக்கும் ஏஆர். 1958-ல் ஏஆர்-3 வந்தபோது உலகத்துக்கு டோம் ட்வீட்டரும் கிடைத்தது. இன்று கடையில் தட்டுப்படும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்த வம்சம்தான். க்ளாஸ் 1957-லேயே விலகிப்போய் கேஎல்ஹெச், பிறகு அட்வென்ட் என்ற நிறுவனங்களோடு தனிப் பாதை போட்டார். அவர் கதையைத் தனியாக எழுத வேண்டும். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஏஆர் ஒரு கேட்பறை வைத்திருந்தது. போகிறவர் வருகிறவர் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம், அங்கே விற்பனை கிடையாது. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் தந்திக் கருவிக் குழுவினரை மேடையில் உட்காரவைத்து, வாசிப்பின் நடுவே சத்தமில்லாமல் ஒலிப்பதிவுக்கு மாறி, எது நேரடி வாசிப்பு, எது ஸ்பீக்கர் என்று சபையைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சரக்கின் மேல் இத்தனை நம்பிக்கை வைத்து வியாபாரம் செய்தவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

உங்கள் 3ஏ 1967-ல் வந்த மாடல். ஒலியை மூன்று ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பக்கத்தில் ஏஆர் பொறியாளர் ராய் அலிசனின் கை உண்டு. பன்னிரண்டு அங்குல வூஃபர் 575 ஹெர்ட்ஸ் வரைக்கும், ஒன்றரை அங்குல டோம் 5000 வரைக்கும், முக்கால் அங்குல டோம் அதற்கு மேலும் பாடும். அந்த வூஃபரைப் பெட்டிக்கு வெளியே வைத்து அளந்தால் அதன் இயல்பான அதிர்வு 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்கும். பெட்டிக்குள் அடைத்ததும் 40-ஐத் தாண்டிவிடும். இந்த இரண்டு எண்ணுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம்தான் காற்று செய்யும் வேலை. துளை போட்டால் அந்த ஸ்பிரிங் போய்விடும். இன்றைய ஆம்ப்ளிஃபையர் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கோன் தறிகெட்டு ஓடி, அதோடு ஒட்டிய வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் அடியில் மோதும். மரமும் காகிதமும் காந்தமும் போலக் காற்றும் அந்தப் பெட்டியில் ஒரு பாகம். இனிச் சொல்லும் எல்லா வேலையிலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் மங்கிய ஸ்பீக்கரை முதலில் பார்ப்போம். ட்வீட்டர் செத்துவிட்டதென்று உங்கள் நண்பர் முடிவுகட்டியிருக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. பின்பக்கத்தில் 1, 2, டி என்று மூன்று திருகுமுனைகள் இருக்கும். 2-க்கும் டி-க்கும் இடையே ஒரு சின்ன உலோகப் பட்டை இணைப்பாக இருக்க வேண்டும். வீடு மாறும்போது கழன்று விழுந்து எத்தனையோ பெட்டிகள் இப்படி ஊமையாகியிருக்கின்றன. பட்டை இருக்கிறது என்றால் அடுத்த சந்தேகம் பின்பக்கத்திலேயே இருக்கும் இரண்டு குமிழ்கள் மேல். நடு ஒலியையும் மேல் ஒலியையும் கூட்டிக் குறைக்க வைத்த பொட்டென்ஷியோமீட்டர்கள் அவை. வட்டமாகச் சுற்றிய மின்தடைக் கம்பியின் மேல் ஒரு உலோக நாக்கு ஊர்ந்து போகும். ஐம்பது வருட ஈரத்தில் நாக்கு தொடும் இடம் பச்சைக் களிம்பேறி, மின்சாரம் போக வழியில்லாமல் அடைத்துவிடும். குமிழைத் திருப்பும்போது ஏதோ ஒரு இடத்தில் கரகரவென்று சத்தம் வந்து ஒலி எட்டிப்பார்த்தால் நோய் அதுதான். கழற்றிப் பிரித்து, வினிகரில் நனைத்த பிரஷால் களிம்பை எடுத்து, நைஸான எமரித் தாளால் ஒரு தடவை தடவி, நன்றாக உலர்த்தி, மின்தொடர்புக்கான கிரீஸ் துளி வைத்து மூடுங்கள். கம்பியே அறுந்திருந்தால்தான் எல்-பேட் என்ற புதிய குமிழ் போட வேண்டும். அது சுற்றின் மின்தடையைக் கொஞ்சம் மாற்றிவிடும் என்பதால் அது எனக்குக் கடைசி வழிதான்.

பெட்டிக்குள் செய்யும் வேலை எல்லாவற்றையும் வூஃபர் இருக்கும் அந்த வட்டத் துவாரம் வழியாகத்தான் செய்தாக வேண்டும். பின்பலகை கழலாது. பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, முன்துணியை மெல்ல நெம்பி எடுத்த பிறகு, கோன் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி அதன் மேல் மூடிவிடுங்கள். வூஃபரின் காந்தம் ஸ்குரூ டிரைவரை வெடுக்கென்று இழுக்கும். அட்டை இல்லாவிட்டால் முனை கோனின் காகிதத்தைக் குத்திக் கிழித்துவிடும். திருகுகளை எடுத்த பிறகும் வூஃபர் வராது, சுற்றிலும் பூசிய மக்கு பிடித்துக்கொண்டிருக்கும். அவசரப்படாமல் ஓரத்தில் சட்டத்தை மட்டும் பிடித்து நெம்புங்கள். வயர்களின் நிறத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடைத்திருப்பது கண்ணாடி இழை, மாஸ்க்கும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. வெளியே எடுத்ததும் பை ஒன்றில் போட்டு எடை பார்த்துக் குறித்து வையுங்கள். திரும்ப அதே இழையை, அதே எடைக்கு, உதறிப் பரப்பி வைக்க வேண்டும். புதிதாகப் பஞ்சு வாங்கித் திணிக்க வேண்டாம். அந்த இழையும் காற்றின் நடத்தையை மாற்றுகிற ஒரு பாகம், அளவு பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது விளிம்பு. ஆரம்பகால 3ஏ-க்களில் பூச்சுத் தடவிய துணி விளிம்பு இருந்தது, அது இன்னமும் தாக்குப்பிடிக்கிறது. பின்னால் வந்தவற்றில் பாலியூரித்தேன் ஃபோம். காற்றில் இருக்கும் ஈரமே அந்த ஃபோமின் மூலக்கூறுகளை மெல்ல அறுத்துவிடும், ஸ்பீக்கர் பாடினாலும் சும்மா கிடந்தாலும் ஒன்றுதான். அதனால் உதிராமல் இருக்கும் மற்ற ஸ்பீக்கரின் ஃபோமையும் இப்போதே மாற்றிவிடுங்கள். விரல் வைத்தால் அதுவும் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும் என்றே நினைக்கிறேன். வாங்கும்போது பன்னிரண்டு அங்குலம் என்று மட்டும் கேட்டால் போதாது. ஏஆர் வூஃபருக்கென்றே செய்த, தொட்டால் தொய்ந்துபோகிற மெல்லிய ஃபோம்தான் வேண்டும். விறைப்பான ஃபோம் போட்டால் வில்ச்சர் எதை ஒதுக்கினாரோ அதை நாமே திரும்பக் கொண்டுவந்துவிடுவோம்.

வேலையில் பெரும் நேரம் பழைய பசையைச் சுரண்டுவதில் போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, கோனின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி, ஊறியதும் மரச் சீவலால் வழித்தெடுங்கள். அதிகமாக நனைத்தால் காகிதம் இளகிவிடும். புதிய ஃபோமின் உள்வட்டத்தை முதலில் கோனில் ஒட்டி, விரல்நுனியால் சுற்றிச் சுற்றி அழுத்தி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் வெளிவட்டத்தைச் சட்டத்தில் ஒட்டும்போதுதான் கவனம் வேண்டும். வாய்ஸ் காயில் ஓடும் இடைவெளி மிகக் குறுகியது, கோன் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் உரசும். நடுவில் இருக்கும் தூசி மூடியை வெட்டி எடுத்து, காயிலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் கீற்றுகளைச் செருகி நடுப்படுத்துவது ஒரு முறை. மூடியை வெட்டாமல், 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு உரசல் நிற்கும்வரை கோனை நகர்த்தி ஒட்டுவது இன்னொரு முறை. கைபழகியவர்கள் இரண்டாவதையே விரும்புவார்கள். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள், கீற்று வைத்தே செய்யுங்கள். முடிந்ததும் மூடியைக் காற்றுப் புகாதபடி ஒட்ட வேண்டும்.

இனிக் கெப்பாசிட்டர்கள். ஒரு பெட்டிக்கு மூன்று மதிப்புகள்: ட்வீட்டருக்கு 6, நடு டோமுக்கு 50, வூஃபருக்குக் குறுக்கே 150 மைக்ரோஃபாரட். இந்த வயதில் இவற்றை மாற்றுவது நியாயமான வேலை. மெழுகுத்தாள் சுற்றிய பெரிய கட்டி இருந்தால் அதில் இரண்டு மதிப்புகள் ஒன்றாக இருக்கும், எந்த வயர் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பை மாற்றாமல் போடுங்கள், அது போதும். 6-க்கு சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டர், 150-க்கு துருவமில்லாத எலக்ட்ரோலிட்டிக், 50-க்கு இரண்டில் எது கிடைத்தாலும் சரி. ஒரு கெப்பாசிட்டருக்கு நூறு டாலர் கேட்கிறவர்களிடம் நீங்கள் போக வேண்டியதில்லை. பழையதன் உள்மின்தடை கொஞ்சம் அதிகம், ஃபிலிமில் அது இல்லாததால் மேல் ஒலி சற்றுத் தூக்கலாகத் தெரியலாம். குமிழை ஓர் இழை குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

ட்வீட்டரை மாற்றும் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், சில ஓம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. அந்தச் சின்ன டோம் ஒலியை நேராகப் பாய்ச்சாமல் அறை முழுக்கப் பரப்புகிறது. சபையின் நடுவில் உட்கார்ந்து கேட்கும் சமநிலையைத்தான் அவர்கள் தேடினார்கள். புதிய ட்வீட்டர் அதே மின்சாரத்துக்கு அதிகச் சத்தம் போடும், கிராஸ்ஓவரோடு ஒட்டாது. கேட்ட முதல் நிமிடம் பளிச்சென்று இருக்கும். அரை மணி நேரம் கழித்துக் காது வலிக்கும். பழசு மங்கலாக ஒலிக்கிறது என்று குறைசொல்கிறவர்களில் பலர் களிம்பேறிய குமிழோடு அதைக் கேட்டவர்கள்.

மூடும்போது பழைய மக்குக்குப் பதிலாக, மின்குழாய் வாயை அடைக்க ஹார்டுவேர் கடையில் விற்கும் டக்ட் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சிலிக்கான் வேண்டாம், அடுத்த முறை திறக்க முடியாது. திருகி முடித்ததும் இரண்டு உள்ளங்கைகளாலும் கோனைச் சமமாக, மெல்ல அழுத்திவிட்டு விடுங்கள். அது உடனே துள்ளி வராமல் ஒன்றிரண்டு விநாடி எடுத்துத் தயங்கித் தயங்கி மேலே வந்தால் பெட்டி காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. சட்டென்று வந்தால் எங்கோ ஒழுகுகிறது: குமிழின் தண்டு, திருகுமுனை, தூசி மூடி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்தச் சோதனை தேறும்வரை பாட்டுப் போட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இது 4 ஓம் ஸ்பீக்கர், சில இடங்களில் அதற்கும் கீழே இறங்கும். கொடுக்கும் மின்சாரத்துக்குச் சத்தமும் குறைவு. செலவு செய்ய ஆசை இருந்தால் 4 ஓம் சுமையைத் தாங்கும் நல்ல ஆம்ப்ளிஃபையருக்குச் செய்யுங்கள். உண்மையான அப்கிரேட் அதுதான். ஸ்டாண்டில் ஏற்றி அறை நடுவே நிறுத்தாதீர்கள். சுவரோடு ஒட்டிய புத்தக அலமாரிக்கென்று அளந்து செய்த ஸ்பீக்கர் இது, சுவரை விட்டு இழுத்தால் பாஸ் மெலிந்துவிடும்.

சென்னையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு ஒரு நாள் அனுப்ப நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். ஸ்பீக்கருக்கு வோல்டேஜ் பிரச்சினை எதுவும் கிடையாது. ஆனால் ஒன்று சுமார் 24 கிலோ, கப்பலில்தான் கட்டுப்படியாகும். கடற்கரை ஊரின் ஈரத்துக்கு ஃபோம் சீக்கிரம் போகும் என்பதால், அனுப்பும்போது உபரியாக ஒரு ஜோடி ஃபோமையும் பசையையும் பெட்டிக்குள் வைக்காமல் தனியாகக் காற்றுப் புகாமல் சுற்றி அனுப்புங்கள். வால்நட் மரத்துக்கு வார்னிஷ் அடிக்காமல் எண்ணெய் மட்டும் தேயுங்கள். வெனீர் மெல்லியது, உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் அடிப்பலகை தெரிந்துவிடும்.

இப்போதைக்குப் பின்பக்கப் பட்டையையும் குமிழ்களையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். வூஃபரைத் திறந்தால், கெப்பாசிட்டர் மேல் அச்சிட்டிருப்பது தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள். எதை வாங்க வேண்டுமென்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்