கேலிச்சித்திரக்காரர் கூடும் விருது விழா

கேலிச்சித்திரம் தனியறையில் பிறப்பது. வரைபவர் வாசகரின் சிரிப்பைக் காண்பதில்லை. அக்குறையைத் தீர்ப்பது போல அமைந்ததே அமெரிக்காவின் தேசியக் கேலிச்சித்திரக்காரர் சங்கம் நடத்தும் விருது விழா.

1946இல் தோன்றிய இச்சங்கத்தின் முதல் தலைவர் ரூப் கோல்ட்பர்க். அவர் பெயரால் 1954 முதல் வழங்கப்பெறும் 'ரூபன்' விருதே இதன் தலையாய பரிசு. பிற்காலத்தில், ஓய்வு விடுதியொன்றில் வார இறுதியில் குடும்பத்தோடு கூடி, பகலில் தொழில் பற்றிய உரைகளைக் கேட்டு, இரவு விருந்தில் விருதாளரை வாழ்த்துவது வழக்கமாயிற்று. விருதுக்குரியவரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்கின்றனர். 'பீனட்ஸ்' படைத்த சார்லஸ் ஷுல்ஸ் 1955, 1964 ஆகிய ஆண்டுகளுக்கு இவ்விருதைப் பெற்றார்.

உடன் தொழில் செய்வோரின் பாராட்டு உயர்ந்ததே. ஆயின், அந்த 'உடன்' என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர்? தொடக்கத்தில் பெண்களுக்கு இச்சங்கத்தில் இடமில்லை. 'டீனா' என்னும் தொடரை வரைந்த ஹில்டா டெர்ரி 1949இல் கடிதம் எழுதி வாதாடினார். அப்படியானால் சங்கத்தின் பெயரில் 'ஆண்கள்' என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்றார். 1950இல் கதவு திறந்தது. எனினும், முதன்முதலாக ஒரு பெண் ரூபன் விருது பெற்றது 1985ஆம் ஆண்டுக்குத்தான். அவர் கனடாவின் லின் ஜான்ஸ்டன்.

ஊரார் குறையைக் கோட்டினால் சுட்டுவோர்க்கும் தம் வீட்டுக் குறையைக் காண ஒரு கடிதம் வேண்டியிருந்தது. விருதின் பெருமையை அளக்கப் பெற்றவர் பட்டியல் மட்டும் போதாது. வாக்களிக்க இடம் பெற்றோர் பட்டியலையும் பார்த்தல் வேண்டும்.